உலை வைக்கும் முன்பே கேட்ட கேள்விகள்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டதும், ஹாஸ்டல் சாம்பார், கட் அடித்துப் பார்த்த மேட்னி ஷோ என்று எழுதத்தான் முதலில் கை ஓடியது. அதையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் படித்தது இயற்பியல். நம் வகுப்பறையில் தொடங்கி, உலகத்தின் சில பெரிய பல்கலைக்கழகங்கள் வரை போகிற ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அணுக்கருவியல் பாடம். "அணுக்கரு இணைவின் நன்மைகள் யாவை?" என்று ஐந்து மார்க் கேள்வி ஒன்று வருஷா வருஷம் வரும். எங்கள் செட் மாணவர்கள் எல்லோருக்கும் பதில் மனப்பாடம். எரிபொருள் கடல் நீரிலேயே இருக்கிறது. கதிரியக்கக் கழிவு கிடையாது. வெடிக்காது. மலிவு. நாலு வரி எழுதி, அடிக்கோடு போட்டால் ஐந்து மார்க் கையில்.

ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து நண்பன் ஒருவன் எழுந்தான். "சார், பத்துக் கோடி டிகிரிங்கறீங்களே, பாத்திரம் என்ன சார் ஆகும்?" என்றான். வகுப்பே சிரித்தது. "அதெல்லாம் காந்தப்புலம் பிடிச்சுக்கும்பா, உட்காரு" என்றார் ஆசிரியர். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அது முழுப் பதிலும் இல்லை. அவன் கேட்ட அதே கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, உலகில் ஒரே ஒரு இணைவு மின் நிலையம்கூட இல்லாத காலத்திலேயே சில பல்கலைக்கழகத்தார் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பல காலம் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் கதைதான் இது.

பாபா சொன்ன இருபது ஆண்டு

1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபை ஒரு பெரிய அணுசக்தி மாநாட்டைக் கூட்டியது. மாநாட்டுக்குத் தலைமை நம் ஹோமி பாபா. சூரியனுக்குள் நடக்கும் இணைவைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் வழி இன்னும் இருபது ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்படும் என்று அவர் துணிந்து சொன்னார். அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. காரணம், அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ரஷ்யா மூன்றுமே அந்த ஆராய்ச்சியை அப்போது ரகசியமாக நடத்திக்கொண்டிருந்தன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் லைமன் ஸ்பிட்சர் 1951லேயே வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். 1958ல் நடந்த இரண்டாவது ஜெனீவா மாநாட்டில்தான் ரகசியத் திரை விலகியது.

பாபாவின் இருபது ஆண்டு கணக்கு பலிக்கவில்லை. ஆனாலும் 1968ல் சோவியத் விஞ்ஞானிகள் டோகமாக் என்ற வளைய வடிவ இயந்திரத்தில் ஒரு கோடி டிகிரியை எட்டியதாக அறிவித்தார்கள். மறு வருஷம் பிரிட்டிஷ் குழு ஒன்று மாஸ்கோவுக்கே போய் லேசர் கொண்டு அளந்து பார்த்து, உண்மைதான் என்று சொன்னது. உடனே உலகமெங்கும் டோகமாக் மோகம் பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகங்களில் சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். "சரி, வெற்றி கிடைச்சுட்டதாகவே வெச்சுக்குவோம். அப்புறம் கட்டப்போற மின் நிலையம் எப்படி இருக்கும்? பக்கத்து ஊர்க்காரனுக்கு அதனால என்ன ஆகும்?"

சுவருக்கு வந்த சோதனை

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்!

எளிதில் இணையக்கூடிய ஜோடி டியூட்டீரியமும் ட்ரிட்டியமும். இரண்டும் ஹைட்ரஜனின் உடன்பிறப்புகள். ஒவ்வொரு இணைவிலும் 17.6 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுகிறது. அதில் 14.1, அதாவது ஐந்தில் நாலு பங்கு, ஒரு நியூட்ரானின் முதுகில் ஏறிப் போய்விடும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. காந்தப்புலம் அதை என்ன செய்ய முடியும்? நேராகப் போய்ச் சுவரில் மோதும். மோதி மோதிச் சுவர் நொறுங்கும், வீங்கும், நாளடைவில் சுவரே கதிரியக்கப் பொருளாகிவிடும்.

அடுத்தது ட்ரிட்டியம். டியூட்டீரியம் கடல் நீரில் இருக்கிறது, சரி. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் வெறும் 12.3 ஆண்டு. ஆகவே இயற்கையில் அது கிடைப்பது மிக மிகச் சொற்பம். 1000 மெகாவாட் இணைவுத் திறன் ஓராண்டு இடைவிடாமல் ஓட வேண்டுமானால் சுமார் 56 கிலோ ட்ரிட்டியம் வேண்டும். சுவரைச் சுற்றி லித்தியத்தைப் போர்வை போலச் சுற்றி, அதில் நியூட்ரானை மோதவிட்டு, உலையிலேயே தயாரித்துக்கொள்ள வேண்டியதுதான். ட்ரிட்டியமும் கதிரியக்கப் பொருள். வாயுவாக இருக்கும்போது உடம்பில் அவ்வளவாகத் தங்காது. நீரோடு சேர்ந்துவிட்டால் கெடுதல் பல்லாயிரம் மடங்கு கூடும். ஹைட்ரஜன் இனமாயிற்றே, சூடான உலோகத்துக்குள்ளேயே புகுந்து வெளியே வந்துவிடும்.

ஆக, ஐந்து மார்க் பதிலில் "கழிவு கிடையாது" என்ற வரி அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது. இணைவினால் வரும் சாம்பல் ஹீலியம். அது பரம சாது. ஆனால் பாத்திரம்?

விஸ்கான்சினின் காகித உலை

இதை முதலில் முழுசாக உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார். ஜெரால்ட் குல்சின்ஸ்கி, ராபர்ட் கான் ஆகியோர் அடங்கிய குழு 1974ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. 'யூ.டபிள்யூ.மாக் 1' என்று பெயர். 1500 மெகாவாட் மின்சாரம் தரும் ஒரு டோகமாக் நிலையம். அடித்தளம் முதல் குழாய், காந்தம், பராமரிப்பு, கழிவு வரை எல்லாம் காகிதத்தில்!

இயற்பியல் துறை, இயந்திரவியல் துறை, உலோகவியல் துறை என்று அவரவர் அறையில் இருந்தவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்ததுதான் அந்தக் காகித உலையின் பெரிய சாதனை. பிளாஸ்மாக்காரர் வரைந்ததைப் பார்த்து உலோகவியல்காரர் கேட்டார்: இந்தத் துருப்பிடிக்காத எஃகுச் சுவர் எத்தனை நாள் தாங்கும்? கணக்குப் போட்டால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுவரையே கழற்றி மாற்ற வேண்டும் என்று வந்தது. கழற்றுவது யார்? மனிதன் கிட்டப் போக முடியாது. இயந்திரக் கைதான் போக வேண்டும். கழற்றிய எஃகை எங்கே வைப்பது? டன் கணக்கில் வருமே!

அதே குழு 1975லும் 1976லும் அடுத்தடுத்து இரண்டு வடிவங்களை வரைந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காகிதத்தில் வரைந்ததைத் திருத்த ஒரு ரப்பர் போதும். கான்கிரீட் போட்டபின் திருத்துவது என்றால் தலைமுறைகள் ஆகும்.

பெர்க்லியில் ஒரு தராசு

ஜான் ஹோல்ட்ரன் பிளாஸ்மா இயற்பியலில் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1973ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்து, எரிசக்தியும் இயற்கை வளமும் என்று ஒரு புதிய படிப்புக் குழு வளரக் காரணமானவர்களில் ஒருவரானார். பொருளாதாரம், சூழலியல், பொறியியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பிற்காலத்தில் இவர்தான் ஜனாதிபதி ஒபாமாவின் அறிவியல் ஆலோசகராக இருந்தார்.

1978ல் 'சயன்ஸ்' இதழில் அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இணைவு வேண்டும், வேண்டாம் என்று கட்சி கட்டவில்லை. ஒரு தராசை எடுத்து வைத்தார். விபத்து, கழிவு, ஆயுதத்துக்குப் போகும் ஆபத்து, செலவு ஆகியவற்றில் இணைவை நிலக்கரி, யுரேனியம் முதலிய மற்ற வழிகளோடு ஒப்பிட்டு எடை போட வேண்டும் என்றார். இணைவுக்கு இயல்பிலேயே சில நல்ல குணங்கள் உண்டு. ஆனால் அவை தானாகக் கிடைத்துவிடாது, வடிவமைப்பவர் கவனமாக எடுத்துக்கொண்டால்தான் கிடைக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஸ்டீவ் ஃபெட்டர் 1985ல் முடித்த ஆய்வேடு இதைக் கணக்காகவே காட்டியது. ஒரே மாதிரி உலையை வெவ்வேறு உலோகங்களில் கட்டுவதாக வைத்துக்கொண்டு, விபத்து நேர்ந்தால் எவ்வளவு கெடுதல், தொழிலாளிக்கு எவ்வளவு, கழிவைப் புதைத்தபின் எவ்வளவு என்று தனித்தனியே கணக்கிட்டார். ஆபத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நாம் தேர்ந்தெடுக்கும் உலோகம்தான் என்பது பளிச்சென்று தெரிந்தது. ஒரு மாணவனின் ஆய்வேடு! தம்பிகள், தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எம்.ஐ.டி.யில் எழுந்த புயல்

எம்.ஐ.டி. என்றதும் நம்மவர்கள் குரோம்பேட்டை என்று நினைத்துவிடுவார்கள். நான் சொல்வது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்.

அங்கே முஜித் காஸிமி என்ற பேராசிரியரும் அவர் மாணவர்களும் ஒரு பயங்கரமான கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். போர்வையாகச் சுற்றிய திரவ லித்தியம் கசிந்தால் என்ன ஆகும்? லித்தியம் காற்றோடும் சேர்ந்து எரியும், தண்ணீரோடும் வினை புரியும், கான்கிரீட்டோடும் வினை புரியும். தீப்பிடித்தால் எவ்வளவு சூடேறும், கதிரியக்கப் பொருள் எதுவரை பரவும் என்று கணக்கிட ஒரு கம்ப்யூட்டர் நிரலையே எழுதினார்கள். அதற்கப்புறம் திரவ லித்தியத்தைத் தொடுவதற்கே வடிவமைப்பாளர்கள் யோசித்தார்கள். லித்தியத்தை ஈயத்தோடு கலந்தோ, பீங்கான் உருண்டைகளாகவோ வைத்தால் தீப்பிடிக்கும் அபாயம் வெகுவாகக் குறையும் என்ற வழிகளுக்கு மதிப்புக் கூடியது.

இதே கழகத்தில்தான் புயலும் அடித்தது. லாரன்ஸ் லிட்ஸ்கி அங்கே பேராசிரியர். பிளாஸ்மா இணைவு மையத்தின் இணை இயக்குநரும்கூட. 1983 அக்டோபரில் அக்கழகத்தின் 'டெக்னாலஜி ரிவ்யூ' இதழில் இணைவில் உள்ள சிக்கல் என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். வெளி ஆள் எழுதியிருந்தால் தள்ளிவிட்டிருப்பார்கள். இது வீட்டுக்குள்ளேயிருந்து வந்த குரல்! நியூட்ரான் சுவரைக் கெடுக்கும், உலை ரொம்பப் பெரிதாக இருக்கும், விலை ஏறும், சிக்கல் கூடும், பழுது பார்ப்பது கஷ்டம். இத்தனை பாடுபட்டுக் கட்டி முடித்தாலும் எந்த மின் கம்பெனியும் வாங்க முன்வராது என்பது அவர் வாதம். வேண்டுமானால் நியூட்ரானை வெளியிடாத எரிபொருளைத் தேடுங்கள் என்றார்.

சகாக்களில் பலருக்குக் கோபம். மானியத்தை நம்பியிருக்கிற துறை அல்லவா? சிறிது காலத்தில் அவர் இணை இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். 2002ல் காலமானார். அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைக்கு அதே கழகத்தில் சக்தி மிகுந்த புது வகைக் காந்தங்களைக் கொண்டு உலையைச் சிறிதாக்க முடியும் என்று முயன்று வருகிறார்கள்; 2021ல் அப்படி ஒரு காந்தம் 20 டெஸ்லாவை எட்டியது. ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஒருத்தர் தேவைப்பட்டார். கேட்டார். அவ்வளவுதான்.

நாலு படிகள்

இத்தனை கேள்விகளையும் ஒன்றாகக் கூட்டிப் பதில் சொல்ல, ஹோல்ட்ரன் தலைமையில் ஒரு மூத்தோர் குழு அமைந்தது. பல்கலைக்கழகம், தேசிய ஆய்வகம், தொழில் நிறுவனம் மூன்றிலிருந்தும் உறுப்பினர்கள். எம்.ஐ.டி. காஸிமியும் அதில் ஒருவர். 1989ல் முழு அறிக்கை வந்தது. 1979ன் திரீ மைல் ஐலண்டும் 1986ன் செர்னோபிலும் எல்லோர் மனத்திலும் இருந்த நேரம்.

அந்தக் குழு பாதுகாப்பை நாலு படிகளாகப் பிரித்தது. நம் வீட்டு பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் படி, மண்பானைத் தண்ணீர். பானை சுக்குநூறாக உடைந்தாலும் தரைதான் நனையும். உள்ளே இருக்கும் பொருளே அப்படிப்பட்டது. பெரிய கெடுதல் செய்ய அதற்குச் சக்தி இல்லை.

இரண்டாம் படி, மேல்நிலைத் தொட்டி. தொட்டியும் தூணும் ஒட்டுமொத்தமாகச் சரிந்தால் ஒழிய ஆபத்தில்லை. யாரும் காவலிருக்க வேண்டாம்.

மூன்றாம் படி, வீட்டுக்குள் ஓடும் குழாய்கள். சின்னச் சின்ன இணைப்புகள் ஒழுங்காக இருக்கும்வரை தொல்லையில்லை.

நாலாம் படி, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர். கரண்ட் போனால் அது ஓடியே ஆக வேண்டும். ஓடாவிட்டால் உயிர் போகும்.

வழக்கமான அணுப்பிளவு உலைகளில் பலவும் நாலாம் படியில் நிற்கின்றன. 2011ல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நடந்தது அந்த ஜெனரேட்டர் கதையேதான். சுனாமியில் ஜெனரேட்டர்கள் மூழ்கின, குளிர்விக்க வழியில்லாமல் உலைகள் உருகின. இணைவு உலையில் எந்த நொடியிலும் எரிந்துகொண்டிருக்கும் எரிபொருள் மிகச் சொற்பம். ஏதாவது கோளாறு என்றால் பிளாஸ்மா தானே அணைந்துவிடும். சங்கிலி வினை தறிகெட்டு ஓடும் பேச்சே கிடையாது. ஆனாலும் கதிரியக்கம் ஏறிய சுவர் அதற்குப் பிறகும் வெப்பம் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே இணைவு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் முதல் படியில் ஏறிவிட முடியாது. நல்ல பொருளும் நல்ல வடிவமும் தேர்ந்தெடுத்தால் முதல் இரண்டு படிகளுக்குப் போகலாம், விலையும் பிளவு உலையோடு போட்டி போடும் அளவில் இருக்கலாம். அசட்டையாகத் தேர்ந்தெடுத்தால் நாலாம் படியிலேயே நிற்கலாம். இதுதான் குழுவின் தீர்ப்பு.

கல்பாக்கத்து எஃகு

தீர்ப்பு வந்தது, சரி. பலன் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதில் நமக்கும் பங்கு உண்டு.

விஸ்கான்சினில் பார்த்தோமே ராபர்ட் கான், அவர் பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கதிரியக்கம் குறைவாக ஏறும் உலோகங்களைப் பற்றி அமெரிக்க எரிசக்தித் துறை அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். லிட்ஸ்கி புயல் கிளப்பிய அதே 1983ல் அந்த அறிக்கையும் வந்தது. எஃகில் குற்றவாளிகள் யார் என்று பார்த்தார்கள். மாலிப்டினம், நியோபியம், நிக்கல். நியூட்ரான் பட்ட நியோபியத்திலிருந்து வரும் ஒரு கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் சுமார் 20,000 ஆண்டு. மாலிப்டினத்திலிருந்து வருவதோ 2 லட்சம் ஆண்டுக்கும் மேல். இவற்றை எடுத்துவிட்டு டங்ஸ்டன், டாண்டலம், வனேடியம் சேர்த்தால்? வலிமை கெடாது, கதிரியக்கமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பதில் சுமார் 100 ஆண்டில் பெருமளவு அடங்கும். இதுவே இலக்கு.

ஜப்பானும் ஐரோப்பாவும் இந்த வகை எஃகைத் தயாரித்தன. இந்தியாவில் தயாரித்தது, நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் உலோகவியல் வல்லுநர்கள். காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமும் ஹைதராபாத் மிதானி நிறுவனமும் துணை நின்றன. 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம் கொண்ட எஃகு நம்மவர்களுக்குப் பழக்கமானது. அதில் மாலிப்டினத்தை விலக்கி, 1.4 சதவீதம் டங்ஸ்டனும் 0.06 சதவீதம் டாண்டலமும் சேர்த்தார்கள். மகாபலிபுரம் போகும் வழியில் தள்ளி நிற்கும் அந்த வளாகத்தைத் தாண்டி எத்தனை முறை டூர் பஸ்ஸில் போயிருப்போம்! கடைசி பெஞ்ச் நண்பன் கேட்ட பாத்திரத்தை உள்ளே செய்துகொண்டிருந்தார்கள்.

ஐந்து கிராம் கணக்கு

பிரின்ஸ்டனில் காகிதம் நிஜமானது. அங்குள்ள பெரிய டோகமாக்கில் 1993 டிசம்பர் முதல் 1997 ஏப்ரல் வரை டியூட்டீரியத்தையும் ட்ரிட்டியத்தையும் சேர்த்து எரித்தார்கள். 1994ல் 10.7 மெகாவாட் வந்தது. அப்போது அது உலக சாதனை. ஆனால் எனக்குப் பிடித்த எண் வேறு. வளாகத்தில் ஒரு நேரத்தில் 5 கிராமுக்கு மேல் ட்ரிட்டியம் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். சுற்றிலும் வீடுகள் உள்ள ஊராயிற்றே!

முடிந்தபின் பூட்டுப் போட்டுவிட்டுப் போகவில்லை. 1999ல் தொடங்கி 2002க்குள் அந்த இயந்திரத்தை முழுக்கப் பிரித்தெடுத்தார்கள். உட்கலத்துக்குள் கனம் குறைந்த கான்கிரீட்டை ஊற்றி நிரப்பி, வைரம் பதித்த கம்பி ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்தார்கள். கதிரியக்கம் படிந்த ஒரு டோகமாக்கைக் கழற்றி இடத்தைக் காலி செய்து காட்ட முடியும் என்பதற்கு அது நல்ல பாடமாயிற்று. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட எல்லோரும் வருவார்கள். கழற்றும் நாளைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

அதே பிரின்ஸ்டனில் அலெக்சாண்டர் கிளேசர், ராபர்ட் கோல்ட்ஸ்டன் இருவரும் 2012ல் இன்னொரு இடக்கான கேள்வியை எடுத்தார்கள். அத்தனை நியூட்ரான் இருக்கிறதே, யாராவது யுரேனியத்தை உள்ளே வைத்து வெடிகுண்டுப் பொருள் செய்துவிட்டால்? ஒழுங்கான இணைவு நிலையத்தில் யுரேனியத்துக்கு வேலையே இல்லை. ஆகவே அது இருக்கிறது என்றாலே திருட்டு அம்பலமாகிவிடும், கண்டுபிடிப்பது சுலபம் என்று காட்டினார்கள். ஆனால் சோதனை போட ஆள் வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இந்த நல்ல குணத்தால் பயனில்லை.

ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது

பிரான்சில் கதராஷ் என்ற இடத்தில் இந்தியா உட்பட ஏழு உறுப்பினர்கள் சேர்ந்து ஈட்டர் என்ற மாபெரும் டோகமாக்கைக் கட்டிவருகிறார்கள். அதைச் சுற்றியுள்ள ராட்சத எஃகு உறை குஜராத்தின் ஹஸீராவில் லார்சன் அண்ட் டூப்ரோ செய்தது. எவ்வளவு மோசமான விபத்து நேர்ந்தாலும் சுற்றுப்புற மக்களை ஊரைவிட்டு வெளியேற்றும் தேவை வரக் கூடாது என்பது அதன் வடிவமைப்பு இலக்குகளில் ஒன்று. பழைய காகித உலைகளின் வாரிசு இந்த வாக்கியம். 2011ல் சுற்று வட்டார ஊர்களில் மக்கள் கருத்துக் கேட்பு நடந்தது; 2012 நவம்பரில் அரசாணை கிடைத்தது. 2022 தொடக்கத்தில் கதிர்வீச்சுத் தடுப்பு, பற்றவைப்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில் வரும்வரை அடுத்த கட்டக் கட்டுமானத்தை பிரெஞ்சு பாதுகாப்பு ஆணையம் நிறுத்திவைத்தது. 2024ல் வெளியான புதிய அட்டவணைப்படி, ட்ரிட்டியத்தோடு முழு ஓட்டம் 2039ல்.

இதற்கிடையே 2022 டிசம்பர் 5ல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலைப் பெற்றார்கள். தனியார் கம்பெனிகள் கோடி கோடியாகப் பணம் போடத் தொடங்கின. உடனே சட்டக் கேள்வியும் வந்தது. இதை அணு உலை என்று கட்டுப்படுத்துவதா, மருத்துவமனை, தொழிற்சாலைகளில் உள்ள கதிரியக்கக் கருவிகளைப் போல நடத்துவதா? 2023 ஏப்ரலில் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனும் அதே ஆண்டு சட்டத்தில், இணைவு நிலையத்துக்கு அணு உலைக்கான உரிமம் தேவையில்லை என்றது. இந்தத் தளர்வு நியாயமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் வாதாட எண்கள் கையில் இருக்கின்றன. அந்த எண்களைத் தந்தவை பல்கலைக்கழகங்களின் பழைய ஆய்வேடுகள்.

இப்போது கேள்வி அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது. ஐரோப்பாவில் 1990களின் இறுதியிலேயே இணைவின் சமூக, பொருளாதார விளைவுகளைப் பற்றித் தனி ஆராய்ச்சித் திட்டம் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சமீப ஆண்டுகளில் மாணவர்களையும் சாதாரண ஊர்மக்களையும் ஒன்றாக உட்கார வைத்து, கற்பனையான ஓர் இணைவு நிலையத்தை வரையச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே கட்டலாம், எப்படி இருக்க வேண்டும், ஊருக்கு என்ன கிடைக்கும் என்று ஊர்க்காரரே சொல்கிறார். வாய்க்கால் வெட்டும்போதே வயல்காரனைக் கேட்பது என்பது நம் ஊரில் பழைய வழக்கம்தானே!

மார்க் திருத்தம்

இந்தக் கட்டுரையை எழுதும்போது அந்த ஐந்து மார்க் பதிலை மறுபடி எழுதிப் பார்த்தேன். எரிபொருளில் பாதி கடலில் கிடைக்கும், மீதியை உலையிலேயே செய்துகொள்ள வேண்டும். வெடிக்காது. கழிவு உண்டு, அது எத்தனை காலம் நீடிக்கும் என்பது நாம் தேர்ந்தெடுக்கும் எஃகைப் பொறுத்தது. மலிவா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கு இரண்டு மார்க்கூடக் கிடைத்திருக்காது!

மாணவச் செல்வங்களே, ஒரு விஞ்ஞானம் பிறந்து, வளர்ந்து, விபத்தும் நடந்த பிறகு விசாரணைக் கமிஷன் வைப்பதுதான் உலக வழக்கம். இணைவு விஷயத்தில் அபூர்வமாக வரிசை மாறியது. உலை வைக்கும் முன்பே, அரிசி களையும் முன்பே, சிலர் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகளால் எஃகு மாறியது, போர்வை மாறியது, சட்டமும் எழுதப்பட்டது. அவர்களில் பலர் பேராசிரியர்கள். சிலர் உங்களைப் போல மாணவர்கள். ஒருவர் பதவியைவிட்டே விலகினார். நாளைக்கு உங்கள் துறையில், கம்ப்யூட்டரோ மருந்தோ எதுவானாலும், எல்லோரும் நன்மைகளைப் பட்டியல் போடும்போது "பாத்திரம் என்ன ஆகும்?" என்று கேட்க ஒருத்தராவது எழுந்து நில்லுங்கள்.

கடைசி பெஞ்ச் நண்பனும் இந்தச் சந்திப்புக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டேன். டேய், அன்னிக்கு உன்னைப் பார்த்துச் சிரிச்சதில நானும் ஒருத்தன். நீ கேட்டது சரியான கேள்விடா. மதியச் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார். மீதியை அங்கே பேசிக்கலாம்.

வளர்க நம் கல்லூரி! வாழ்க கேள்வி கேட்கும் மாணவர்கள்!